கோவில் கணக்கும் சபைக் கணக்கும்

(சரவணையில் ஊரவர் முன்னிலையில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இந்த நாட்டின் அரசியலமைப்பில் ஒன்பதாம் உறுப்புரை என்று ஒன்று உண்டு. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்க வேண்டும், புத்த சாசனத்தைப் பாதுகாத்து வளர்ப்பது அரசின் கடமை என்று அது சொல்கிறது. 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பில் புகுந்த ஏற்பாடு இது. 1978இல் இன்னும் அழுத்தமாக எழுதப்பட்டது. அரை நூற்றாண்டாகத் தமிழர் நாங்கள் அதை எதிர்த்து வருகிறோம். எதிர்ப்பது சரி, நானும் எதிர்க்கிறேன். ஆனால் இன்று உங்கள் முன் வைக்க வந்தது அதற்கு அடுத்த கேள்வி. கொழும்பு செய்யக் கூடாது என்று நாங்கள் சொல்வதை எங்கள் ஊரில் நாங்கள் செய்யாமல் இருக்கிறோமா? கொழும்பு செய்ய வேண்டும் என்று சொல்வதை எங்கள் பிரதேச சபையில் செய்விக்கிறோமா?

ஒன்பதாம் உறுப்புரை வெறும் அலங்கார வசனந்தானே, அதனால் யாருக்கு என்ன நட்டம் என்று சிலர் கேட்பதுண்டு. அவர்களுக்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். கல்விப் பணியும் மருத்துவப் பணியும் ஆதரவற்றோருக்கான பணியும் செய்யும் கத்தோலிக்கக் கன்னியர் சபையினர், திருச்சிலுவைக் கன்னியர், தங்கள் சபையைச் சட்டப்படி கூட்டிணைக்க நாடாளுமன்றத்தில் ஒரு சட்டமூலம் கொண்டுவரச் செய்தார்கள். பல சங்கங்களும் சபைகளும் அப்படித்தான் கூட்டிணைக்கப்பட்டிருக்கின்றன. 2003இல் உயர் நீதிமன்றம் அந்தச் சட்டமூலம் ஒன்பதாம், பத்தாம் உறுப்புரைகளுக்கு முரணானது என்று தீர்மானித்தது. தங்கள் சமயத்தைப் பரப்புவதையும் உதவி வழங்குவதையும் ஒரே சபையின் நோக்கங்களாகச் சேர்த்து எழுதியது குற்றமாகக் கருதப்பட்டது. கன்னியர்கள் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைக் குழு வரை போனார்கள். அவர்களுடைய சமய சுதந்திரமும் சமத்துவ உரிமையும் மீறப்பட்டன என்று 2005இல் அந்தக் குழு சொன்னது. ஒரு மதத்துக்கு முதலிடம் என்று எழுதிவிட்டால், நோயாளிக்குக் கஞ்சி கொடுக்கும் கன்னியாஸ்திரி கூட நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டிய நிலை வரும்.

அதே அரசியலமைப்பில் நல்ல ஏற்பாடுகளும் இருக்கின்றன. பத்தாம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரத்தை ஒவ்வொருவருக்கும் தருகிறது. பன்னிரண்டாம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால் என்று பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. கடை, சாப்பாட்டுக்கடை, தன் சமயத்தின் பொது வழிபாட்டிடம் ஆகியவற்றுக்குள் போவதை இந்தக் காரணங்களால் யாருக்கும் தடை செய்ய முடியாது என்றும் சொல்கிறது. அந்த வாசகம் கொழும்புக்கு மட்டும் எழுதப்பட்டதல்ல. அது எங்கள் கோவில் வாசலுக்கும் சேர்த்து எழுதப்பட்டது.

ஆனாலும் எழுத்து மட்டும் யாரையும் காப்பாற்றுவதில்லை. 1972க்கு முன்னிருந்த சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, எந்த ஒரு சமூகத்துக்கோ சமயத்துக்கோ பாதகமான சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்தது. எங்கள் பெரியவர்கள் அதை ஒரு கோட்டை என்று நம்பினார்கள். அந்தப் பிரிவு உயிரோடு இருக்கும்போதுதான் மலையகத் தமிழரில் பெரும்பாலானோர் குடியுரிமையும் வாக்கும் இழந்தார்கள். கோடாக்கன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய், 1953இல் அந்தச் சட்டங்கள் செல்லும் என்ற தீர்ப்போடு திரும்பியது. வாக்கில்லாத சனத்துக்காகக் காகிதம் எழுந்து நின்று பேசவில்லை.

இனி யாழ்ப்பாணத்துக்கும் எங்கள் தீவகத்துக்கும் வருகிறேன்.

1924இல் யாழ்ப்பாணத்தில் மாணவர் காங்கிரஸ் என்று தொடங்கி, பின்னர் வாலிபர் காங்கிரஸாக வளர்ந்த இயக்கத்தை இளையவர்கள் அவசியம் படிக்க வேண்டும். ஹண்டி பேரின்பநாயகம் என்ற கிறிஸ்தவ ஆசிரியரும் சைவ இளைஞரும் ஒன்றாக நடத்திய இயக்கம் அது. 1927 நவம்பரில் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு அழைத்தவர்கள் அவர்கள். பாடசாலையில் எல்லாச் சாதிப் பிள்ளைக்கும் சம ஆசனம், சமபந்தி, இன மத பேதமில்லாத சுயராச்சியம் என்று எங்கள் பாட்டன்மாரை முகம் சுளிக்க வைத்த காரியங்களை அந்தக் காலத்திலேயே கேட்டார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்னர் யாழ்ப்பாணத்தில் மதச்சார்பற்ற அரசியல் ஒன்று தமிழில் பேசப்பட்டது. அது எங்கள் சொந்தச் சொத்து. எவரிடமும் கடன் வாங்கியதல்ல.

அந்த இயக்கம் 1931இல் எடுத்த ஒரு முடிவு தீவகத்தை நேராகத் தொட்டது. பிரித்தானியர் தந்த டொனமூர் யாப்பு பூரண சுயராச்சியம் தரவில்லை என்று சொல்லி அவர்கள் தேர்தலைப் பகிஷ்கரித்தார்கள். வடக்கில் யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் வேட்புமனுவே போடப்படவில்லை. 1934இல் இடைத்தேர்தல் வரும்வரை அரசாங்க சபையில் அந்த ஆசனங்கள் வெறுமையாகக் கிடந்தன. அவர்களுடைய இலட்சியத்தின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு உண்டு. ஆனால் அந்தத் தேர்தல் என்ன தேர்தல் என்று பாருங்கள். சொத்து, படிப்பு, சாதி, சமயம் எதுவும் பாராமல் 21 வயது நிரம்பிய ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குரிமை அளித்த முதல் தேர்தல். சேர் பொன்னம்பலம் இராமநாதன் போன்ற பெரியவர்களே எல்லோருக்கும் வாக்கு என்பதை எதிர்த்த காலம். தெற்கில் சுருட்டுச் சுற்றுகிறவரும் வயலில் நாற்று நடுகிற பெண்ணும் போய் வாக்களித்தபோது, சரவணையிலும் வேலணையிலும் கரம்பனிலும் இருந்த எங்கள் பாட்டிமாருக்கு, நிலமில்லாத எங்கள் கூலிக்காரருக்கு, அந்த முதல் வாக்கு கிடைக்கவில்லை. அவர்களுக்காக வேறு சிலர் முடிவெடுத்தார்கள். நல்லவர்கள்தான் எடுத்தார்கள். என்றாலும் அவர்களிடம் கேட்காமல் எடுத்தார்கள்.

அடுத்து 1994. ஓகஸ்ட் மாதம் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தபோது குடாநாடு புலிகளின் கையில் இருந்தது, தீவகம் இராணுவத்தின் கையில். யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் பதிவாகியிருந்த வாக்காளர் ஏறக்குறைய ஆறு இலட்சம். பதினோராயிரத்துக்கும் குறைவான வாக்குகளைப் பெற்ற ஒரு குழு ஒன்பது ஆசனங்களை எடுத்தது. அந்த வாக்குகளில் பெரும்பங்கு விழுந்தது இங்கே, இந்தத் தீவுகளில். சனம் விரும்பி ஒதுங்கியிருக்கவில்லை, ஒதுக்கப்பட்டது. அது எனக்குத் தெரியும். 1990இலும் 1991இலும் இந்த ஊர் எப்படி வெறிச்சோடிப் போனது என்பதை உங்களில் பலர் உடலால் அறிந்தவர்கள். சனம் இல்லாத இடத்திலும் ஆசனம் நிரம்பும் என்பதை அந்தத் தேர்தலில் கண்டோம்.

2001 நவம்பர் 28. இங்கிருந்து எட்டிப் போகும் தூரத்தில் நாரந்தனை. தேர்தல் பரப்புரைக்குப் போனவர்களை வழிமறித்துத் தாக்கினார்கள், இருவர் உயிரிழந்தனர். எங்கள் தீவகத்தில் ஒரு புள்ளடிக்கு என்ன விலை கொடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. "வாக்குப் போட்டு என்ன வரப்போகுது" என்று தேர்தல் நாளில் வீட்டில் இருக்கும் தம்பிமாரைப் பார்க்கும்போது எனக்கு நாரந்தனைதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது கசப்பான பகுதிக்கு வருகிறேன். பொறுமையோடு கேளுங்கள்.

1990 ஒக்டோபர் 30. யாழ்ப்பாண நகர முஸ்லிம்களை ஒரு மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள் புலிகள். நகையும் பணமும் பறிக்கப்பட்டன. வடமாகாணம் முழுவதிலும் எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் அந்த நாட்களில் விரட்டப்பட்டார்கள். தமிழ் பேசியவர்கள், இங்கேயே பிறந்தவர்கள், மதம் வேறு என்ற காரணத்தால் அவர்கள் எல்லோரையும் ஒரே கணக்கில் போட்டு அனுப்பினார்கள். நாங்கள் எல்லோரும் அதைச் செய்யவில்லை. ஆனால் எங்கள் பேரால் செய்தார்கள், நாங்கள் வாய் திறக்கவில்லை. திரும்பி வந்தவர்கள் காணிக்கும் வீட்டுத்திட்டத்துக்கும் வாக்காளர் இடாப்பில் ஒரு பெயருக்கும் அலைந்தபோது, அவர்களுக்காக எங்களில் எத்தனை பேர் பிரதேச செயலகத்துக்குக் கூடப் போனோம்?

மாவிட்டபுரம் கந்தசுவாமி கோவிலை நினையுங்கள். சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே வந்துவிட்டது. அதற்குப் பதினொரு ஆண்டு கழித்து, 1968இல், ஒடுக்கப்பட்ட சாதியினர் கோவிலுக்குள் போகச் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டி வந்தது. கதவை மறித்து நின்றவர்களும் சைவர்கள்தான். 2018இல் திருகோணமலையில் ஒரு பாடசாலையில் முஸ்லிம் ஆசிரியைகள் அபாயா உடுத்தக் கூடாது என்று பெற்றோர் வீதியில் நின்றார்கள். நின்றவர்கள் எங்கள் சனம். ஒரு பெண் ஆசிரியை என்ன உடுப்புடன் கணக்குப் படிப்பிக்கிறார் என்பதை ஊர்வலம் போய்த் தீர்மானிக்கும் உரிமையை நாங்கள் எடுத்துக்கொண்டால், ஒன்பதாம் உறுப்புரையை எந்த முகத்தோடு எதிர்ப்பது?

இதைச் சொன்னால் சிலர் உடனே தையிட்டியைக் காட்டுவார்கள். காட்டத்தான் வேண்டும். தையிட்டியில் தனியார் காணிகளில் எழும்பிய விகாரைக்கு எதிரான போராட்டம் நியாயமான போராட்டம். அங்கே கேள்வி புத்தரைப் பற்றியதல்ல. உறுதியோடு காணி வைத்திருக்கும் ஒருவருடைய நிலத்தில் அவர் சம்மதம் இல்லாமல், அரச பலத்தோடு, எதைக் கட்டினாலும் அது தவறு. விகாரைக்குப் பதில் அங்கே ஒரு பிள்ளையார் கோவில் எழும்பியிருந்தாலும் நான் இதையேதான் சொல்லுவேன். நயினாதீவில் நாகபூசணி அம்மன் கோவிலும் நாக விகாரையும் பள்ளிவாசலும் ஒரு சின்னத் தீவுக்குள் இருக்கின்றன. ஆனித் திருவிழா நாட்களில் குறிகட்டுவான் துறையில் போய் நில்லுங்கள். பால்செம்போடு நிற்கும் எங்கள் பெண்களுக்குப் பக்கத்தில் வெள்ளை உடுப்போடு தெற்கிலிருந்து வந்த ஆச்சிமார் நிற்பார்கள். படகில் ஏறக் கை கொடுத்து விடுவது எங்கள் பெடியள். யாத்திரிகரோடு எங்களுக்கு ஒரு பிணக்கும் இல்லை. பிணக்கு, ஒரு மதத்தின் கையில் அரசு தன் அதிகாரத்தைக் கொடுப்பதோடுதான்.

பக்கத்து ஊர் கரம்பனில் 1913இல் பிறந்த ஒருவர், தனிநாயகம் அடிகள். தகப்பன் நெடுந்தீவைச் சேர்ந்தவர். கத்தோலிக்கக் குரு. உலகமெங்கும் போய்த் தமிழாராய்ச்சிக்குச் சங்கம் அமைத்தவர். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு கூடியதற்கு முன்னின்றவர். அவரைத் தமிழர் இல்லை என்று எவரும் சொன்னதில்லை. அல்லைப்பிட்டியில் 2006 ஓகஸ்ட் 13, ஷெல்லடிக்குப் பயந்து ஓடிய சனத்துக்கு ஒதுங்க இடமாக இருந்தது புனித பிலிப்பு நேரியார் தேவாலயம். அங்கும் ஷெல் விழுந்தது. சனத்தோடு நின்ற பங்குத்தந்தை ஜிம் பிரவுண் அடிகளார் அடுத்த ஞாயிறு, ஓகஸ்ட் 20, காணாமற் போனார். கூடப் போனவரும் திரும்பவில்லை. இது சைவ மண், இங்கே மற்றவர் அடங்கியிருக்க வேண்டும் என்று பேசுகிற குரல் ஒன்று அண்மைக் காலமாகக் கேட்கிறது. அந்தக் குரலுக்கு நான் வேறு பதில் தேட மாட்டேன். கரம்பனுக்கும் அல்லைப்பிட்டிக்கும் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுவேன்.

சமயச்சார்பின்மை என்றால் கோவிலுக்குப் போகாதே என்பதல்ல. நான் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்கிறவன். பிரான்சில் 1905இல் அரசையும் தேவாலயத்தையும் சட்டம் போட்டுப் பிரித்தார்கள். இந்தியா அப்படிப் பிரிக்கவில்லை. எல்லாச் சமயத்திலும் தலையிட்டும் எல்லாவற்றையும் மதித்தும் தன் வழியில் போகிறது. எங்களுக்கு எந்த வடிவம் பொருந்தும் என்பது பேசித் தீர்க்க வேண்டியது. பேசாமலே தெரிந்த ஒன்று உண்டு. எங்கள் தீவின் சாட்டிக் கிணற்றுக்கு யார் போனாலும் தண்ணீர் ஒன்றுதான். சாட்டி மணலுக்கடியில் மழைநீர் உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மேல் இறைத்தால் கீழே உள்ள உவர் மேலே ஏறும். மணலை அள்ளினால் மழைநீர் தங்க இடமில்லை. அது கெட்டால் சிந்தாத்திரை மாதா திருவிழாவுக்கு வருகிறவருக்கும், மண்கும்பான் பள்ளிவாசலில் ஒழுச் செய்கிறவருக்கும், சரவணையில் பொங்கல் வைக்கிறவருக்கும் ஒரே நாளில்தான் கெடும். அந்தத் தண்ணீரைக் காக்கும் கடமை எந்தக் கோவில் பரிபாலன சபைக்கும் இல்லை. அது அரசுக்கும் பிரதேச சபைக்கும் உரியது. அவற்றைச் செய்ய வைப்பது எங்கள் வேலை.

ஆனால் எங்கள் கவனம் எங்கே இருக்கிறது?

கோவில் மகாசபைக் கூட்டத்துக்கு நீங்கள் எல்லோரும் போயிருக்கிறீர்கள். பொருளாளர் கணக்கு வாசிப்பார். எண்ணெய், பூ, மேளக் கூட்டம், மின்பிறப்பாக்கி வாடகை, பந்தலுக்குக் கொடுத்த முற்பணம். ஒரு சதம் பிசகினால் பின்வரிசையில் இருந்து ஒரு ஐயா எழும்புவார்: "தம்பி, போன வருசம் பந்தல்காரருக்கு இவ்வளவு குடுக்கேல்லையே, பற்றுச்சீட்டு எங்க?" ரொறன்ரோவில் இருந்து ஒருவர் கைத்தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருப்பார், அவருக்கும் ஒரு சந்தேகம் வரும். சில நேரம் கூட்டம் நடுச்சாமம் வரை போகும். வழக்குக்குப் போன கோவில்களும் உண்டு, அது வேறு கதை. நான் சொல்வது, கணக்குக் கேட்கத் தெரியாத சனம் இல்லை நாங்கள். நிர்வாகசபை தெரிவு, கோரம், தீர்மானம், முன்மொழிதல், வழிமொழிதல் எல்லாம் எங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். எந்தப் பல்கலைக்கழகத்திலும் படிக்காமல் கோவில் வீதியிலும் சனசமூக நிலையத்திலும் படித்த சனநாயகம் அது.

அதே ஐயா பிரதேச சபைக்கு ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறாரா? எங்கள் வட்டாரத்துக்கு இந்த ஆண்டு பாதீட்டில் என்ன ஒதுக்கினார்கள், எந்த ஒழுங்கைக்குக் கிரவல் போட்டார்கள், தண்ணீர்ப் பவுசர் எந்தக் கிழமை எந்தப் பக்கம் வர வேண்டும் என்று எழுதிக் கேட்டவர்கள் கைவிரலில் எண்ணக் கூடியவர்கள். பவுசர் வராத நாளில் வெயிலில் வாளியோடு நிற்பது எங்கள் அம்மாமார், அக்காமார். கோவில் கணக்கில் பெண்களுக்குப் பேச இடமில்லை என்று பல ஊர்களில் இன்னும் வழக்கம் இருக்கிறது. சபையிலோ சட்டம் நூற்றுக்கு இருபத்தைந்து இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்கியிருக்கிறது. தண்ணீரின் கணக்கு யாருக்கு நன்றாகத் தெரியுமோ அவர்கள் சபையில் இருக்க வேண்டும். பட்டியலை நிரப்பப் பெயர் தேடி அலையும் கட்சிகள், முதலில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துக்குப் போகட்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. 12ஆம் இலக்கச் சட்டம். எந்தக் குடிமகனும் பிரதேச சபையிலோ பிரதேச செயலகத்திலோ தகவல் அலுவலரிடம் ஒரு கடிதம் கொடுக்கலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர் கேட்கக் கூடாது. பதினான்கு வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு. சண்டை பிடிக்கத் தேவையில்லை, ஊர்வலம் தேவையில்லை. ஒரு தாளும் ஒரு பேனையும் போதும்.

சபையே இல்லாமற் போன நாட்களும் உண்டு. 2023 மார்ச் 9இல் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலைக் காசில்லை என்று நிறுத்தினார்கள். குடிமக்களும் அமைப்புகளும் கட்சிகளும் வழக்குப் போட்டார்கள். தேர்தலை நடத்தத் தவறியது அடிப்படை உரிமை மீறல் என்று 2024 ஓகஸ்ட் 22இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2025 மே 6இல் தேர்தல் நடந்தது. வட மாகாண சபைக்கு அந்தப் பேறு இன்னும் கிடைக்கவில்லை; 2013இல் அவ்வளவு ஆவலோடு வாக்களித்துத் தெரிவுசெய்த சபையின் காலம் 2018 ஒக்டோபரோடு முடிந்தது, அதன் பிறகு தேர்தல் இல்லை. அதைக் கேட்க வேண்டியவர்கள் கட்சித் தலைவர்கள் மட்டுமா?

இரணைதீவுச் சனத்தை நினைத்துப் பாருங்கள். பூநகரிக்கு அப்பால் உள்ள தீவு. கத்தோலிக்க மீனவக் குடும்பங்கள். 1992இல் இடம்பெயர்ந்தவர்கள், பிறகு தீவைக் கடற்படை வைத்துக்கொண்டது. 2017 மே மாதத்தில் இருந்து கரையில் கொட்டில் போட்டு, மாதக் கணக்காகப் போராட்டம் இருந்தார்கள். கடிதம் எழுதினார்கள், அமைச்சுக்களின் படியேறினார்கள். 2018 ஏப்ரல் 23, வள்ளங்களில் வெள்ளைக் கொடி கட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். தங்கள் தேவாலயத்தில் செபம் சொன்னார்கள், அங்கேயே தங்கிவிட்டார்கள். பெண்கள் முன்னுக்கு நின்ற போராட்டம் அது. ஒருவரையும் ஏசவில்லை, எந்த மதத்துக்கும் எதிராக ஒரு சொல் சொல்லவில்லை. கேட்டது தங்கள் காணியை மட்டும். 2021 பெப்ரவரியில் பொத்துவிலில் இருந்து பொலிகண்டி வரை நடந்தவர்களிடமும் அந்தப் பண்பைக் கண்டேன். கோவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களை எரிக்காதே என்ற கோரிக்கையையும் தமிழர் சேர்த்து எடுத்துக்கொண்டு நடந்தார்கள். 1990இல் திறக்காத வாய் அன்று திறந்தது.

நவம்பரும் டிசம்பரும் பிரதேச சபைகளில் பாதீட்டு மாதங்கள். வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கும் அறிவித்தல் வரும்; அதைச் சனசமூக நிலையப் பலகையில் ஒட்ட வேண்டும். அதற்கு முன்னர், இங்குள்ள கோவில் நிர்வாகசபை, பங்குச் சபை, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம், கடற்றொழிலாளர் சங்கம் எல்லாம் ஒரு நாள் ஒன்றாக இருந்து ஊரின் தேவைகளை ஒரு தாளில் எழுதுங்கள். மண்கும்பான் முஸ்லிம் குடும்பங்களிடமும் கேட்டு எழுதுங்கள். தண்ணீர், ஒழுங்கை, தெருவிளக்கு, சுடலைக்குப் போகும் பாதை, மையவாடிக்குப் போகும் பாதை. வட்டார உறுப்பினரை அழைத்து அந்தத் தாளை அவர் முன் வாசியுங்கள். தவிசாளருக்கு ஒரு பிரதியைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அடுத்த ஆண்டு நடுப்பகுதியில் எது செய்யப்பட்டது, எது செய்யப்படவில்லை என்று, கோவில் கணக்கு வாசிப்பது போல, இதே இடத்தில் வாசிக்க வேண்டும். கணக்கு வாசிக்கத் தாய்மாரில் ஒருவரைத் தெரிவு செய்யுங்கள் என்பது என் வேண்டுகோள்.

நான் பேசியதில் சிலருக்கு உடன்பாடு இராது. 1931 பற்றியும் 1990 பற்றியும் வேறு விதமாக நினைப்பவர்கள் இந்தக் கூட்டத்தில் இருப்பீர்கள். இன்னும் நேரம் இருக்கிறது. அவர்கள் முதலில் எழும்பிப் பேசட்டும்.